முப்பத்தேழாவது கம்பம்

செல்லபாய்க்கு எண்களில் வேண்டியவர், வேண்டாதவர் உண்டு. பன்னிரண்டு, இருபத்துநான்கு, முப்பத்தாறு எல்லாம் நல்ல பெயர் எடுத்தவை. இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு, நான்கு பேருக்கு என்று எப்படிப் பங்கு வைத்தாலும் மிச்சம் வைக்காமல் பிரிந்து கொடுக்கும். முப்பத்தேழு, நாற்பத்தொன்று வகையறா யாரோடும் ஒட்டாதவை, கல்யாண வீட்டில் தனி இலை கேட்கும் சொந்தக்காரரைப் போல. பாறசாலையில் ஓலைக் கூரை போட்ட டுட்டோரியல் ஒன்றில், பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டு மறுபடி எழுதுகிறவர்களுக்கு அவள் இப்படித்தான் கணக்குப் பாடம் எடுத்தாள். அவர்களில் பாதிப் பேர் மீசை வைத்தவர்கள், அவளைவிட ஒரு முழம் உயரமானவர்கள். ஆனாலும் அவள் சாக்பீஸை எடுத்துவிட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ‘மீச்சிறு பொது மடங்கு’ என்று படித்ததை, இந்தப் பக்கம் கேரளத்தில், மலையாளத்தில் ‘லசாகு’ என்று சொல்லிக்கொடுத்தாள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். அந்த லசாகு ஒருநாள் தன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

வீடு வட்டக்குளத்தின் கரையில். குளத்தைச் சுற்றியிருந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் பெரியவீட்டுத் தங்கப்பனுக்குச் சொந்தம். செல்லபாயின் அப்பா அவருடைய தென்னைகளில் ஏறியே ஆயுசைக் கழித்தவர். கேரளத்து நிலச் சட்டம் வந்தபோது, அவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த முப்பத்தாறு குடும்பத்துக்கும் ஆளுக்குப் பத்து சென்ட் சொந்தமாயிற்று. தங்கப்பன் மூன்று வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். எதிர்த்து நடந்தவர் பொன்னையன், குடிசைக்காரர்களின் கமிட்டி செயலாளர். எழுபத்துமூன்றில் நில உரிமைப் பட்டயம் கைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படிப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அந்த ஒரு சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் செல்லபாய்க்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அவள் புருஷன் ஈசாக், பனச்சமூட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்ல மனுஷன், நல்ல வேலைக்காரன், ஆனால் ஊர் கேலிக்கு வைத்த ஒரு வட்டப்பெயரைச் சுமந்துகொண்டிருந்தான். ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டமடிக்கும் சைக்கிள் யக்ஞம் அந்த நாளில் ஊருக்கு ஊர் நடக்கும். ஈசாக்கும் பனச்சமூட்டுச் சந்தைத் திடலில் ஒன்று நடத்தினான். ஐந்தாம் நாள் மத்தியானம், ஒலிபெருக்கியில் அவன் புகழைப் பாடிக்கொண்டிருக்கும்போதே, சீட்டில் உட்கார்ந்தபடி தூங்கிப்போய் ஒரு மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தான். அன்றிலிருந்து அவன் ‘அஞ்சாம் நாள்’. கடைக்கு வழி கேட்டால்கூட ‘அஞ்சாம் நாளுக்க கடையா?’ என்பார்கள். அந்தப் பக்கத்தில் வட்டப்பெயர் அப்பனோடு நிற்பதில்லை, பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். எழுபத்தாறில் செல்லபாய்க்கு வயிற்றில் ஐந்து மாதம்.

அந்த வருஷம்தான் ஈசாக்குக்கு மஸ்கட்டில் மெக்கானிக் வேலைக்கு விசா வந்தது. திங்கட்கிழமை பம்பாய்க்கு வண்டி ஏறவேண்டும். அதற்கு முன்னால் பட்டயம் கிடைத்த மூன்றாம் ஆண்டு விழா வந்தது.

“போறதுக்கு முன்ன ஒரு ஓட்டம் முழுசா ஓட்டிக் காட்டணும்,” என்றான் ஈசாக். “இல்லேன்னா நான் கடல் கடந்து போனாலும் எனக்க பிள்ளையை அஞ்சாம் நாளுக்க பிள்ளைன்னுதான் விளிப்பானுவ.”

அவன் சொன்னது விளையாட்டல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அவன் போட்ட திட்டம் இது. குளத்தைச் சுற்றி வட்டப் பாதை. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிஷம். குடும்பத்துக்கு ஒன்றாகச் சம தூரத்தில் முப்பத்தாறு கம்பங்கள். ஒவ்வொன்றிலும் கல்ஃப் பால்பொடி டப்பா ஒன்று தொங்கும். செல்லபாய் வீட்டு வாசலில் உள்ளது முதல் கம்பம். அதன் டப்பாவைக் குச்சியால் அடித்துவிட்டுப் புறப்படவேண்டும். முதல் தாவலில் எல்லா டப்பாவையும் அடிக்கவேண்டும். இரண்டாம் தாவலில் ஒன்றுவிட்டு ஒன்று, மூன்றாம் தாவலில் மூன்றாவது மூன்றாவது கம்பம், இப்படியே கம்பத்துக்கு ஒரு தாவலாக முப்பத்தாறாம் தாவல் வரை. எண்ணிக்கை தப்பாமல் தாவி வந்து மறுபடி முதல் கம்பத்து டப்பாவிலேயே அடி விழுந்தால் அந்தத் தாவல் முடிந்தது. முதல் கம்பத்தைத் தவிர வேறெங்கும் கால் ஊன்றக்கூடாது.

ஈசாக் நாலு தாவல் ஓட்டிப் பார்த்தான். நாலும் ஒவ்வொரு சுற்றிலேயே முடிந்தன. முப்பத்தாறு தாவலுக்கு முப்பத்தாறு சுற்று, மூன்று மணி நேரம், சனிக்கிழமை ஒரு காலைப்பொழுது போதும் என்று பொன்னையன் நோட்டீஸ் எழுதிவிட்டார். ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகியவர்கள் அவர்கள். முறை என்றால் ஒரு சுற்றில் எல்லார் வீட்டுக்கும் வந்து முடிந்துவிடும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது.

செல்லபாய் நோட்டீசைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “இஞ்ச பாருங்க, அஞ்சாந் தாவல் ஓட்டிப் பாத்தியளா?”

அந்த வீட்டில் அஞ்சு என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஈசாக் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு சுற்று முடிந்தது. முதல் கம்பத்தைத் தாண்டிப்போய் நாலு கம்பம் தள்ளி அடி விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றின் முடிவில்தான் வீட்டு டப்பா சத்தம் போட்டது. வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தான்.

“ஐந்துக்கும் முப்பத்தாறுக்கும் லசாகு நூற்றியெண்பது,” என்றாள் அவள். “நூற்றியெண்பது கம்பம் கடந்தாத்தான் வீடு வரும். அது அஞ்சு சுற்றாக்கும்.”

“அப்பம் மொத்தம் எத்தனை சுற்று?”

முப்பத்தாறு லசாகுவைத் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கூட்ட அவளுக்குப் பொறுமை கிடையாது. சோம்பேறிகளுக்காகத்தான் கணக்கையே கண்டுபிடித்தார்கள் என்பது அவள் வகுப்பில் சொல்வது. தாவல்களை ஜோடி சேர்த்தாள். ஐந்துக்கு ஐந்து சுற்று என்றால், அதன் எதிர்ப்பக்கத்து முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று சுற்று. சேர்த்தால் முப்பத்தாறு. ஏழும் இருபத்தொன்பதும் அதே முப்பத்தாறு. முப்பத்தாறோடு இரண்டை மட்டும் பொதுவாக வைத்திருக்கும் ஜோடிகள் எல்லாம் பதினெட்டு பதினெட்டாக வரும். ஆக, எந்த ஜோடி எவ்வளவு தரும் என்பது முப்பத்தாறு எப்படிப் பிரியும் என்பதில் அடங்கிவிடுகிறது. ஸ்லேட்டில் நாலு வரி எழுதினாள்.

“முந்நூற்றி முப்பத்தாறு. இருபத்தெட்டு மணி நேரம்.”

விஷயத்தைக் கேட்டுப் பொன்னையன் தலையில் கை வைத்தார். பிறகு நோட்டீசைத் திருத்தினார். காலை ஏழுக்கு முன்னாலும் மாலை ஐந்துக்குப் பின்னாலும் அந்தப் பாதை மாடுகளுடையது. எனவே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். புதன் முதல் சனி வரை நாலு நாளில் நாற்பது மணி. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறினால் சபையார் விடமாட்டார்கள். அன்றைக்கு ஆலயத்தில் ஈசாக்குக்கு வழியனுப்பு ஜெபம் வேறு இருந்தது. இருபத்தெட்டு மணிக்கு நாலு நாள் தாராளம். ஈசாக் நிம்மதியாகத் தூங்கினான்.

ஈசாக் வண்டி ஏறுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை சாயங்காலம் டுட்டோரியல் முடிந்து வந்தவள் வழக்கம்போலக் கம்பங்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். முப்பத்தேழு வந்தது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி ஒரு சுற்று நடந்தாள். இடுப்பு வலித்ததுதான் மிச்சம், எண் மாறவில்லை.

நடந்தது இதுதான். அன்று மத்தியானம் பெரியவீட்டுத் தங்கப்பன் ஒரு கமுகுக் கம்பைத் தானே தோளில் சுமந்துகொண்டு வந்தார். எழுபது வயது. “நானும் இந்தக் குளத்தங்கரையிலேதானே கிடக்கேன். எனக்கும் ஒரு கம்பம் உண்டா?” என்று கேட்டாராம். மூன்று வருஷம் கோர்ட்டில் அவரோடு மல்லுக்கு நின்ற பொன்னையன் கடப்பாரையை எடுத்துக் குழி தோண்டிக் கொடுத்தார். மற்ற கம்பங்களைச் சற்றுச் சற்று நகர்த்தி இடைவெளியையும் சரிசெய்தார்கள். ஊரே உருகிப்போய் நின்றது. அதைக் கேட்டபோது செல்லபாய்க்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குக் கணக்கும் தெரியும்.

முப்பத்தேழு எதனாலும் பிரியாது. அதனால் ஒரு தாவலுக்கும் குறுக்குவழி கிடையாது. இரண்டைத் தாவினால் இரண்டு சுற்று, மூன்றைத் தாவினால் மூன்று, முப்பத்தாறைத் தாவினால் முப்பத்தாறு. ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை கூட்டினாள். அறுநூற்றி அறுபத்தாறு.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஈசாக் ஸ்லேட்டை விட்டு இரண்டடி பின்னால் போனான். பைபிளில் சாத்தானுடைய மிருகத்துக்குச் சொன்ன எண் அது என்று ஞாயிறுபள்ளிக்குப் போன யாருக்கும் தெரியும்.

“பயப்படாண்டாம். முப்பத்தேழாந் தாவல் பாக்கி இருக்கு. அது யாரையும் தொடாம நேரே வீட்டுக்கு வந்திரும், ஒரே சுற்று. மொத்தம் அறுநூற்றி அறுபத்தேழு.” பிறகு குரல் இறங்கிற்று. “அம்பத்தஞ்சரை மணிக்கூர்.”

இருப்பது நாற்பது மணி. சனிக்கிழமை ஐந்து மணிக்கு மாடுகள் வரும்போது அவன் பாதித் தாவலில் நிற்பான். ஊருக்கு முன்னால் இரண்டாவது முறை பாதியில் விட்டவன் என்று பெயர் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வண்டி ஏறுவான். அதற்கப்புறம் அந்தப் பெயரைக் கழற்ற ஆளே ஊரில் இருக்காது.

“தங்கப்பன் அய்யாக்க கம்பத்தை எடுத்தா போதும்,” என்றான் ஈசாக் மெல்ல.

“யாரு போய்ச் சொல்லது? நீங்க சொல்லுவியளா?”

அவன் சொல்லமாட்டான். பொன்னையனும் சொல்லமாட்டார். ஒருமுறை அவரை நிலத்திலிருந்து இறக்கியாயிற்று. இப்போது கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

எடுக்க முடியாது என்றால் சேர்க்கலாம். வட்டம் அதே வட்டம்தான், எத்தனை கம்பம் நட்டாலும் ஒரு சுற்று ஐந்து நிமிஷம்தான். செல்லபாய் ஸ்லேட்டைத் துடைத்துவிட்டு வரிசையாகப் போட்டாள். முப்பத்தெட்டு: ஐந்நூற்றிப் பதினைந்து சுற்று, போதாது. முப்பத்தொன்பது: ஐந்நூற்றி ஐம்பது, அதைவிட மோசம். நாற்பது: நானூற்றி ஐம்பத்திரண்டு. அது முப்பத்தேழே முக்கால் மணிக்குள் முடியும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பம் கூடினால் வேலை குறைகிறது.

நாற்பத்தொன்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம், எண்ணூறுக்கு மேல் போகும். நாற்பத்திரண்டை இரண்டு, மூன்று, ஏழு என்று பிரித்தாள். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தின எண்ணால் பெருக்கி ஒன்று கூட்டினால் மூன்று, ஏழு, நாற்பத்துமூன்று. அந்த மூன்றையும் பெருக்கினால் தொள்ளாயிரத்து மூன்று. ஒன்று கூட்டிப் பாதியாக்கினாள். மறுபடியும் நானூற்றி ஐம்பத்திரண்டு. நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் ஒரே விடை. அவள் இரண்டு விடையையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டாள்.

நாற்பத்திரண்டாக்க இன்னும் ஐந்து கம்பம் வேண்டும். ஐந்து வீடு இருந்தது.

வட்டப் பாதையின் ஒரு வளைவு எல்லைக்கல்லைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பும். அந்த வளைவில் ஐந்து குடிசைகள். அவர்களும் அதே தங்கப்பன் நிலத்தில் குடியிருந்தவர்கள்தான், அதே தென்னைக்குத் தண்ணீர் சுமந்தவர்கள்தான். ஆனால் கேரளத்துச் சட்டம் கல்லோடு நின்றுவிட்டது. அவர்களுக்குப் பத்து சென்டும் இல்லை, பட்டயமும் இல்லை, அதனால் விழாவில் கம்பமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பொன்னையனிடம் போனாள்.

“அதெப்படி டீச்சரே? இது பட்டயத்துக்க விழாவாக்கும். பட்டயம் இல்லாத்தவனுக்கு என்ன கம்பம்?”

“தங்கப்பன் அய்யாக்கு எந்தப் பட்டயத்தைப் பாத்து குழி தோண்டினிய, அண்ணே?”

பொன்னையன் மீசையைத் தடவினார். வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவர், பாதியாவது ஜெயிக்கப் பார்த்தார். “நாப்பதுக்கும் சரியாவும்னு சொன்னியே. அப்பம் மூணு பேரு போதும். அந்த அஞ்சுல எனக்க சொந்தக்காரனுவ மூணு வீடு உண்டு.”

“நாப்பத்திரெண்டுக்கும் அதே சுற்றுதான். ரெண்டு வீட்டை ஒதுக்கி வச்சா ஒரு சுற்றுகூட லாபம் கிடையாது. பகைதான் மிச்சம்.”

அவர் ஸ்லேட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். எண்களில் கமிட்டிக்கு எதிராக எதுவும் எழுதியிருக்கவில்லை. “போய் விளிச்சிட்டு வா,” என்றார்.

அம்மிணிதான் அந்த ஐந்து வீட்டுக்கும் வாய். கயிறு திரிப்பவள், நாற்பது வயது. செல்லபாய் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்:

“மூணு வருஷமா இந்த வாசல் வழியாத்தானே நீ பஸ்ஸுக்குப் போற மக்கா? இன்னைக்கு உனக்க மாப்பிளைக்குக் கணக்கு முட்டுச்சு, அதனால அம்மிணி வேணும். அப்படித்தானே?”

செல்லபாய்க்கு முகம் சுட்டது. வேறு பதில் சொல்லலாம், ஆனால் பொய்யாக இருக்கும்.

“அப்படித்தான் அக்கா. எண்ணிப் பாத்தப்பந்தான் உங்களை எண்ணாம விட்டது தெரிஞ்சுது. முன்னமே தெரிஞ்சிருக்கணும். எனக்கு வெக்கமா இருக்கு.”

அம்மிணி கயிற்றைக் கீழே வைத்தாள். அவளுடைய வயிற்றைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். “இந்த வயித்தையும் தூக்கிட்டு நடந்து வந்திருக்க. இரி, கஞ்சி குடி. கம்பு வெட்ட ஆள் உண்டு. ஆனா டப்பா எங்கிட்ட இல்ல, எங்க ஆளுவ ஒருத்தனும் கல்ஃபுக்குப் போவல்ல.”

“டப்பா நான் தாறேன்.”

மாலைக்குள் நாற்பத்திரண்டு கம்பமும் நின்றன. ஐந்து கம்பம் நடும்போது தங்கப்பனும் வந்து கயிறு பிடித்து இடைவெளி அளந்து கொடுத்தார். நிலம் அளப்பதில் அவருக்குக் கைராசி உண்டு என்று பொன்னையன் சொல்ல, அவரே முதலில் சிரித்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஈசாக் புறப்பட்டான். செல்லபாய் டுட்டோரியலுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் கம்பத்தின் கீழே ஸ்லேட்டோடு உட்கார்ந்தாள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சைக்கிளிலேயே. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தமிழ்நாட்டுக்குள் போய் வந்தான். பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவன் இப்படி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லை கடக்கிறானே என்று ஊர் கேலி பேசிற்று. ஆறு, ஏழு, பதினான்கு, இருபத்தொன்று போன்ற நல்ல தாவல்கள் ஒரே சுற்றில் வீடு திரும்பின. பதின்மூன்றும் பத்தொன்பதும் கழுத்தை அறுத்தன. வெள்ளிக்கிழமை மழை ஒன்றேகால் மணி நேரத்தைத் தின்றது. இளைப்பாறல்களில் இன்னொரு மணி போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்று இருபத்தைந்துக்கு நாற்பத்தொன்றாம் தாவல் தொடங்கியபோது அவள் ஸ்லேட்டில் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். நாற்பத்தொரு சுற்று, நாலு ஐம்பதுக்கு முடியும். கடைசித் தாவலுக்கு ஐந்து நிமிஷம். ஒரு சுற்று தவறினாலும் மாடுகள் வந்துவிடும்.

நாற்பத்தொன்றாம் தாவல் என்பது ஒரு விசித்திரமான தாவல். ஒரு சுற்றுக்கு ஒரே அடிதான் விழும், ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிட ஒரு கம்பம் பின்னால். முதலில் நாற்பத்திரண்டாவது கம்பம், அடுத்து நாற்பத்தொன்றாவது, பிறகு நாற்பதாவது. அதாவது வீடு வீடாக, ஒவ்வொருவர் வாசலிலும் ஒரே ஒரு தரம். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கணக்கு அப்படி அமைந்தது. புரிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் கம்பத்தடியில் வந்து நின்றது. அடி விழும்போது ‘போயிட்டு வா’ என்றார்கள். அம்மிணி டப்பாவைக் கையில் ஏந்திப் பிடித்தாள், அவன் குனியவேண்டாம் என்று. தங்கப்பன் தன் டப்பாவில் அடி விழுந்த பிறகும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

நாலு ஐம்பத்தொன்றுக்கு முதல் கம்பத்தில் அடி விழுந்தது. ஈசாக் கால் ஊன்றவில்லை, அப்படியே கடைசித் தாவலுக்கு, நாற்பத்திரண்டாவதுக்குப் போனான். இந்த முறை எந்த டப்பாவும் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு வாசலையும் தொடாமல் கடந்தான். சனங்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். செல்லபாய் கண்ணை மூடிக்கொண்டு சங்கிலிச் சத்தம் குளத்தைச் சுற்றி வருவதை மட்டும் கேட்டாள். அவளுடைய டப்பா நெளிந்துபோகும் அளவுக்கு ஓர் அடி விழுந்தது.

மாடுகள் வந்தன. ஊர் அவற்றுக்கு வழி விடவில்லை.

‘அஞ்சாம் நாள்’ அன்றோடு ஒழிந்தது. ஆனால் வட்டப்பெயர் இல்லாமல் ஒருவனை விட்டுவைக்கிற ஊரா அது? இருட்டுவதற்குள் அவன் ‘லசாகு ஈசாக்’ ஆகிவிட்டான். நாலு மாதம் கழித்துப் பிறந்த பெண்ணுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. செல்லபாய் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பனச்சமூட்டில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கால்களை மாற்றி மாற்றி ஊன்றினான், தொடைகள் இன்னும் வலித்தன. விசா இரண்டு வருஷத்துக்கு. சொல்லவேண்டியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லி முடித்திருந்தார்கள். பஸ் திருப்பத்தில் தெரிந்தபோது அவன் கேட்டான்:

“ஏட்டி, இப்பம் நான் போறது எத்தனாவது தாவல்?”

“நாப்பத்திரெண்டு,” என்றாள் செல்லபாய்.